ஆய்வாளரின் தியாகமும் அரசின் கடமையும்

புது தில்லி: தெற்கு கொல்கத்தாவில் ஜாதவ்பூர் வழியாகச் செல்லும் ராஜா சுபோத் சந்திர மல்லிக் சாலைக்கு நாட்டின் ஆய்வுலகில் தனி இடம் உண்டு. ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம், இந்திய வேதி உயிரியல் நிறுவனம், மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய நான்கும் இந்த ஒரே சாலையில் அமைந்துள்ளன. முனைவர் பட்டத்துக்காக இங்கு உழைக்கும் இளைஞர்களில் வங்காளிகளோடு பிற மாநிலத்தவரும் கணிசமாக உள்ளனர்.

அவர்களின் மாத வரவை முடிவு செய்யும் கோப்புகளில் பல தில்லியில்தான் நகர்கின்றன. சில நேரங்களில் நகராமலும் கிடக்கின்றன. பகதூர் ஷா ஜாபர் சாலையில் உள்ள பல்கலைக்கழக மானியக் குழு அலுவலகத்தில் ஓர் ஆணை தாமதமானால், ஜாதவ்பூர் 8பி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள அறைகளில் வாடகை பாக்கி விழுகிறது.

ஆய்வுப் படிப்பு என்றாலே தியாகம்தான் என்று பெருமையோடு பேசுவது நம் நாட்டு வழக்கம். பணத்தையும் காலத்தையும் வசதிகளையும் விட்டுக்கொடுக்காமல் அறிவைத் தேட முடியாது என்பது உண்மையே. ஆனால், அந்தத் தியாகத்தின் சுமையை யார், எந்த அளவுக்குச் சுமக்க வேண்டும் என்ற கேள்வி அதிகம் கேட்கப்படுவதில்லை. ஜாதவ்பூரின் வரலாறு அந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது.

உதவித்தொகை என்ற சாட்டை

சாலைக்குத் தன் பெயரைத் தந்த சுபோத் சந்திர மல்லிக் எந்த நாட்டுக்கும் அரசர் அல்லர். 1905-ம் ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது ஆங்கிலேய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கார்லைல் சுற்றறிக்கை என வரலாற்றில் பதிவான அந்த ஆணை, அரசியலில் ஈடுபடும் மாணவர்களைக் கட்டுப்படுத்தாத கல்வி நிலையங்களின் மானியமும், அவற்றின் மாணவர்கள் உதவித்தொகை பெறும் உரிமையும் பறிக்கப்படும் என மிரட்டியது.

மாணவர்களை மிரட்ட ஆட்சியாளர்கள் கையில் எடுத்த முதல் ஆயுதங்களில் ஒன்று உதவித்தொகை என்பது கவனிக்கத்தக்கது.

அதற்குப் பதிலாகவே, அரசின் தயவை நாடாத தேசியக் கல்வி நிலையம் தேவை என்ற குரல் எழுந்தது. 1905 நவம்பரில் மல்லிக் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். மக்கள் அவரை "ராஜா' என்று அழைக்கத் தொடங்கினர். பிரஜேந்திர கிஷோர் ராய் சௌத்ரி 5 லட்சம் ரூபாய் அளித்தார். 1906 மார்ச்சில் தேசியக் கல்விக் கழகம் உருவானது. அதே ஆண்டு ஜூலையில் வழக்கறிஞர் தாரக்நாத் பாலித்தின் நிதியுதவியுடன் வங்கத் தொழில்நுட்பப் பயிலகம் திறக்கப்பட்டது. இவ்விரு முயற்சிகளும் பின்னர் ஒன்றிணைந்து, காலப்போக்கில் ஜாதவ்பூருக்கு இடம் மாறின. 1955 டிசம்பர் 24-ம் தேதி ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் பிறந்தது.

தேசியக் கல்லூரியின் முதல் முதல்வராகப் பொறுப்பேற்றவர் அரவிந்தர். பரோடா சமஸ்தானத்தில் 700 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெற்று வந்த அவர், 150 ரூபாய்க்கு இங்கு வந்தார். பின்னாளில் புதுச்சேரியில் பாரதியாரின் நண்பராகத் தமிழர்கள் அறிந்த அரவிந்தர் இவர்தான். மல்லிக்கோ 1908 டிசம்பரில் விசாரணையின்றிக் கைதாகி, வங்கத்துக்கு வெளியே சிறைவைக்கப்பட்டார்.

இங்கே தியாகம் பங்கிடப்பட்டது. செல்வம் உடையவர் செல்வத்தைக் கொடுத்தார். ஆசிரியர் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார். அதனால்தான் மாணவர் தன் காலத்தையும் உழைப்பையும் கொடுக்க முடிந்தது.

இதே 1905-ம் ஆண்டில் டாக்காவில், ஆளுநரின் வருகையைப் புறக்கணித்த பள்ளி மாணவர்கள் சிலர் வெளியேற்றப்பட்டனர். உதவித்தொகையை இழந்த அவர்களில் ஒருவர் மேகநாத் சாஹா. சிற்றூர் மளிகைக் கடைக்காரரின் மகன். தொடக்க நாள்களில் ஒரு மருத்துவரின் வீட்டில் தங்கி, அங்கு வேலைகள் செய்துகொண்டே படித்தவர். வேறு பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டதால் நாட்டுக்கு ஒரு வானியற்பியல் அறிஞர் கிடைத்தார். நாடு விடுதலை பெற்ற பின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஜாதவ்பூருக்கு இடம்பெயர்ந்ததில் பெரும்பங்கு அவருடையது.

காலையில் ஆய்வு, பகலில் அலுவலகம்

அந்தக் கழகத்துக்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1876-ல் அதைத் தொடங்கினார். கொல்கத்தாவின் பௌபஜாரில் இயங்கிய அதன் ஆய்வகம், உரிய ஆய்வாளர்கள் இன்றிப் பல ஆண்டுகள் காத்திருந்தது. 1907-ல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தாவுக்கு வந்த 18 வயது இளைஞர் சி.வி. ராமன் அதன் கதவைத் தட்டினார்.

விடியற்காலையில் ஆய்வகம், பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வகம். ரங்கூன், நாகபுரி இடமாறுதல்கள் நீங்கலாக, ஏறத்தாழ 10 ஆண்டுகள் ராமனின் நாள்கள் இப்படியே கழிந்தன. 1917-ல் அசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று அரசுப் பணியைத் துறந்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானார். சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்தப் பேராசிரியர் பதவிக்கான நிதியைத் தந்தவரும், தொழில்நுட்பப் பயிலகத்துக்குக் கைகொடுத்த அதே தாரக்நாத் பாலித்தான்.

வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பார்த்து வந்த வேலையை விட்டு 1920-ல் கொல்கத்தா வந்தார். 1923-ல் ராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது ஆய்வகத்தில் ராமனுடன் உழைத்தவர் அவர். விடுதலைக்குப் பின் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அந்த ஆய்வகம் உள்ள சாலை இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவர்களின் கதை பொதுவாகத் தனிமனித வைராக்கியத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால், மகேந்திரலால் சர்க்கார் திரட்டிய நன்கொடை இல்லையென்றால் ராமன் தட்டுவதற்குக் கதவே இருந்திருக்காது. பாலித்தின் நிதி இல்லையென்றால் அவர் அரசுப் பணியை விட்டிருக்கவும் முடியாது.

சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கை இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. கணிதத்தில் மட்டுமே மூழ்கி ஆங்கிலத்தில் தேறாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். படிப்பு நின்றது. வேலை தேடி அலைந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கில்பர்ட் வாக்கரின் பரிந்துரையைத் தொடர்ந்து, பட்டம் ஏதுமில்லாத அந்த எழுத்தருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913-ல் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. தொகை மாதம் 75 ரூபாய். அதாவது எழுத்தர் சம்பளத்தைப்போல் இரண்டரை மடங்கு. வீட்டுக் கவலையின்றி நாள் முழுவதும் கணிதத்தில் ஈடுபட அது வழிவகுத்தது.

நாள் ஒன்றுக்கு 267 ரூபாய்

அந்த அளவுகோலை இன்றைக்குப் பொருத்திப் பார்த்தால் கிடைக்கும் காட்சி வேறு.

நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெறுவோருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. முதுநிலைக்கு 42,000 ரூபாய். விடுதி இடம் கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஆய்வு மாணவர்களில் ஓரளவு நிம்மதியாக மூச்சுவிடக் கூடியவர்கள் இவர்களே.

இந்த உயர்வுகூட எளிதில் வந்ததல்ல. 2010-ல் 16,000 ரூபாயாக இருந்த இளநிலை உதவித்தொகை 2014-ல் 25,000 ரூபாயானது. அடுத்த உயர்வுக்கு 4 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. 2019 ஜனவரியில் நாடெங்கிலும் இருந்து ஆய்வு மாணவர்கள் தில்லிக்கு வந்து மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் நோக்கிப் பேரணி நடத்தினர். அதன் பிறகே 31,000 ரூபாய் என்ற அறிவிப்பு வெளியானது. உதவிப் பேராசிரியரின் சம்பளத்தில் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது. அவரது ஆய்வகத்திலேயே இரவு பகலாக உழைக்கும் மாணவரின் தொகையோ, அடுத்த போராட்டம் வரும்வரை அசைவதில்லை.

நெட் உதவித்தொகை பெறாதவர்களின் நிலை கவலைக்குரியது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இத்தகைய மாணவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் வழங்கப்படுகிறது. 2015 அக்டோபரில் அதையும் நிறுத்த மானியக் குழு முடிவெடுத்தபோது, மாணவர்கள் தில்லியில் அதன் அலுவலக வாயிலில் நாள்கணக்கில் முகாமிட்டனர். உதவித்தொகை தப்பியது, ஆனால் உயரவில்லை. பத்தாண்டுகள் கழித்து 2025-லும் அதே 8,000 ரூபாய்தான்.

ஜாதவ்பூர் மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் அந்த மத்தியத் திட்டமும் அதற்குப் பொருந்தாது. மேற்கு வங்க அரசு சுவாமி விவேகானந்தர் பெயரிலான திட்டத்தில் தகுதியுள்ள ஆய்வு மாணவர்களுக்குத் தருவதும் 8,000 ரூபாய் அளவே.

மாதம் 8,000 ரூபாய் என்றால் நாள் ஒன்றுக்குச் சுமார் 267 ரூபாய். 2024-25-ம் ஆண்டில் தமிழகத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாள் கூலி 319 ரூபாய். உடலுழைப்புக்கு அந்தக் கூலியே போதாது என்ற வாதம் நியாயமானது. இரண்டு பட்டங்கள் பெற்று, நுழைவுத் தேர்வில் வென்று வந்த ஓர் ஆய்வு மாணவருக்கு அதைவிடவும் குறைவாகத் தருவதை எந்த நியாயத்தால் விளக்க முடியும்?

விளக்கம் தரப்படாத இடைவெளியை மாணவர்களே நிரப்பிக்கொள்கின்றனர். வீடு வீடாகச் சென்று டியூஷன் எடுப்பது கொல்கத்தா மாணவர்களுக்குப் பழகிய வழி. இரண்டு மூன்று பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்கின்றனர். வாடகை கட்டுப்படியாகாதவர்கள் பாருய்ப்பூர் போன்ற புறநகர்களிலிருந்து சியால்டா தெற்குப் பிரிவின் நெரிசல் ரயில்களில் அன்றாடம் வந்து போகின்றனர். டியூஷனிலும் ரயிலிலும் கழியும் நேரம் ஆய்விலிருந்து பிடுங்கப்பட்ட நேரம்.

திரும்பி வராத ஆண்டுகள்

பணத்தைப் பின்னால் ஈட்டிவிடலாம். காலத்தை ஈட்ட முடியாது. மானியக் குழுவின் 2022-ம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். தேவைப்பட்டால் மறுபதிவு மூலம் மேலும் 2 ஆண்டுகள். ஆனால், நெட் உதவித்தொகை 5 ஆண்டுகளோடு முடிந்துவிடும். அதாவது, ஆய்வேட்டை எழுதி முடிக்கும் கடைசிக் கட்டத்தில், பலருக்கும் வருமானமே இருப்பதில்லை.

23 வயதில் சேர்பவர் 29 அல்லது 30 வயதில் வெளியே வருகிறார். அதே ஊரில், அதே வகுப்பில் பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற நண்பர் அதற்குள் வீட்டுக் கடனைப் பாதி அடைத்திருப்பார். ஆய்வாளரின் வீட்டிலோ "இன்னும் எத்தனை வருஷம் படிப்பாய்?' என்ற கேள்வி எழுந்துகொண்டே இருக்கும். பெண்களுக்கு அந்தக் கேள்வி திருமணப் பேச்சோடு சேர்ந்தே வருகிறது. மகளிருக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும் கூடுதலாக 2 ஆண்டு அவகாசமும் விதிகளில் உண்டு. ஆனால், விதியில் உள்ள அவகாசம் வீட்டிலும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

நிர்வாகக் குளறுபடிகளுக்கும் மாணவர்களே காலத்தைக் கப்பம் கட்டுகின்றனர். 2024 ஜூன் 18-ம் தேதி நாடு முழுவதும் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெட் தேர்வு எழுதினர். மறுநாளே அத்தேர்வு ரத்து செய்யப்பட்டது. மறுதேர்வு ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்தது. அரசுக்கு அது ஓர் அறிவிப்பு மட்டுமே. தேர்வு எழுதியவர்களுக்கோ, அது ஒரு பருவம்.

மன உளைச்சலைக் கணக்கில் எடுத்தால் விலை இன்னும் கூடும். 26 நாடுகளைச் சேர்ந்த சுமார் 2,300 பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வை 2018-ல் "நேச்சர் பயோடெக்னாலஜி' இதழ் வெளியிட்டது. பொதுமக்களைவிட 6 மடங்குக்கும் அதிகமாக இவர்கள் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஆளாகின்றனர் என்கிறது அந்த ஆய்வு.

யாரால் தியாகம் செய்ய இயலும்?

வசதிகளைத் துறப்பதற்கும் ஓரளவு வசதி வேண்டும். தந்தைக்கு ஓய்வூதியம், சொந்த வீடு, அவசரத்துக்குக் கைகொடுக்க உறவினர் என்ற பின்புலம் உள்ளவர் ஆறு ஆண்டுகள் குறைந்த வருமானத்தில் தாக்குப்பிடிப்பார். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவரால், அந்தப் பட்டத்துக்காக வாங்கிய கடனையே இன்னும் அடைக்காதவரால் அது இயலாது. அவர் சோம்பேறி என்பதால் அல்ல. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் என்பதால். இப்படி ஏழை வீட்டுப் பிள்ளைகள் வடிகட்டப்படும்போது, எதை ஆராய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் வசதி படைத்தோர் மட்டுமே எஞ்சுவர்.

2016 ஜனவரியில் உயிர்நீத்த ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா விட்டுச்சென்ற கடிதத்தை நாடு மறந்திருக்காது. தமக்கு வரவேண்டிய 7 மாத உதவித்தொகை 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாயைத் தம் குடும்பத்திடம் சேர்க்குமாறு அவர் அதில் கேட்டிருந்தார். அந்த மரணத்துக்குக் காரணங்கள் பல; அவை பற்றிய அரசியல் வாதங்களும் பல. ஆனால், தகுதித் தேர்வில் வென்ற ஒரு மாணவருக்கு 7 மாதமாகப் பணம் வந்து சேரவில்லை என்பது எந்த வாதத்திலும் கரையாத உண்மை.

சிறுபான்மைச் சமூக ஆய்வாளர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவிக்கப்பட்டது. வேறு திட்டங்களோடு அது ஒன்றுபடுகிறது என்பது அரசு தந்த காரணம். ஆனால், நெட் தேர்வில் உதவித்தொகைக்கான இடத்தைத் தவறவிட்டவருக்கும் திறந்திருந்த கதவு ஒன்று மூடப்பட்டது.

ஜாதவ்பூருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் விஜய்கர், ஆசாத்கர் போன்ற குடியிருப்புகளை எழுப்பிக்கொண்டது இந்தப் பகுதியில்தான். பொறியியல் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய் என்ற அளவிலேயே கல்விக் கட்டணம் நீண்ட காலம் நீடித்ததால், எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கு படிக்க முடிந்தது.

தேசிய நிறுவனத் தரவரிசையில் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் பிரிவில் 2024-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் முதலிடமும் ஜாதவ்பூர் இரண்டாமிடமும் பெற்றன. 2025-ல் இடங்கள் மாறின, ஜாதவ்பூர் முதலிடம். இரண்டையுமே உயர்சிறப்பு நிறுவனத் தகுதிக்கு 2019-ல் மானியக் குழு பரிந்துரைத்தது. ஆனால், மாநில அரசும் நிதிப் பங்கு தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இட ஒதுக்கீடு, நிதி ஆகிய கவலைகளால் தமிழக அரசு 2020-ல் விலகிக்கொண்டது. ஜாதவ்பூர் தன் திட்ட மதிப்பீட்டை 3,299 கோடி ரூபாயிலிருந்து 606 கோடி ரூபாயாகக் குறைத்துக்கொண்டும் பயனில்லை. தரத்தில் முன்னணியில் நிற்கும் பல்கலைக்கழகம், 2022-ல் நிதி நெருக்கடியைச் சமாளிக்க முன்னாள் மாணவர்களிடம் கையேந்தியது.

மத்திய அரசு மாநிலத்தைக் காட்டுகிறது. மாநிலம் மத்திய அரசைக் காட்டுகிறது. இடையில் நிற்பவர் ஆய்வு மாணவர்.

பிற நாடுகளில்

ஸ்வீடன், நார்வே, நெதர்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக ஊழியர்கள். அவர்களுக்குச் சம்பளமும் விடுப்பும் சமூகப் பாதுகாப்பும் உண்டு. அமெரிக்காவில் அந்த நிலை இல்லை. அதனால்தான் 2022 நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் உள்ளிட்ட சுமார் 48 ஆயிரம் கல்விசார் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பின் கணிசமான ஊதிய உயர்வு பெற்றனர். ஆய்வு என்பது படிப்பு மட்டுமல்ல, உழைப்பும்கூட என்பதே அவர்கள் முன்வைத்த வாதம்.

இந்தியா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 0.64 சதவீதம் மட்டுமே என்பது அரசின் 2020-21 கணக்கு. 2023-ல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் நிறைவேறியபோது, 5 ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் திரட்டப்படும் என்று கூறப்பட்டது. அதில் பெரும்பகுதி தனியார் துறையிடமிருந்து எதிர்பார்க்கப்படுகிறது. எவ்வளவு வந்தாலும், அதில் எத்தனை ரூபாய் ஆய்வு மாணவரின் கைக்குப் போகும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

செய்ய வேண்டியவை

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. உதவித்தொகையை அகவிலையோடு இணைக்க வேண்டும். சம்பளத்தைப்போல் மாதத்தின் குறிப்பிட்ட நாளில் அது வங்கிக் கணக்கில் சேர வேண்டும். தாமதத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். 8,000 ரூபாய் என்ற தொகையைத் திருத்தி, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்க வேண்டும். ஆய்வேட்டை முடிக்கும் கடைசி ஆண்டிலும் உதவித்தொகை தொடர வேண்டும். பட்டியல் இனத்தைச் சேர்ந்த முழுநேர ஆய்வு மாணவர்களுக்கான ஊக்கத்தொகையைத் தமிழக அரசு 2021-ல் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மாநிலங்கள் மனம் வைத்தால் வழி உண்டு என்பதற்கு அது சான்று. அதுவும்கூட மாதக் கணக்கில் 8,333 ரூபாய்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவை நிறைவேறினாலும் ஆய்வாளரின் தியாகம் முடிந்துவிடாது. தோற்றுப்போன சோதனைகளும், தூங்காத இரவுகளும், தள்ளிப்போன வாழ்க்கையும் அவருக்கு எப்போதும் இருக்கும். அவற்றை அவர் மனமுவந்து ஏற்கிறார். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அல்லாடுவதை அந்தத் தியாகத்தின் பகுதியாகச் சேர்ப்பது நியாயமல்ல.

அந்நிய ஆட்சிக் காலத்தில், 1913-ல், ஒரு துறைமுக எழுத்தரின் சம்பளத்தைப்போல் இரண்டரை மடங்கை ஆய்வு உதவித்தொகையாகத் தர ஒரு பல்கலைக்கழகத்துக்கு மனம் இருந்தது. சுதந்திர இந்தியா தன் ஆய்வு மாணவர்களுக்கு அதே அளவுகோலைப் பயன்படுத்த ஏன் தயங்குகிறது என்பதற்குத் தில்லியும் மாநிலத் தலைநகரங்களும் பதில் சொல்ல வேண்டும்.